நோலா கஹூன் அழைத்து வந்த ஆலை

நோலா கஹூனை வேலைக்கு எடுத்தபோது அந்த வேலைக்கு ஒரு பெயர்கூட இல்லை. டார்னெல் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம், பத்திரப் பதிவு அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். மேஜை மேல் ஒரு டெலிபோன், சுவரில் மாவட்ட வரைபடம்.

"ஏதாவது ஒரு தொழிலை இந்தப் பக்கம் கூட்டிட்டு வா" என்றார் மாவட்டக் குழுத் தலைவர் ராய்ஸ் சாட்லர்.

"எந்தத் தொழிலை?"

"வர்றதை."

பத்திரப் பதிவு அறையில் இருந்தவள் நான், இமோஜீன் பெர்ரி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கதவை யாரும் சாத்தியதில்லை. இங்கே சொல்வதில் பாதி அந்தக் கதவு வழியாக என் காதில் விழுந்தது.

நோலாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. குட்டையான உருவம், பெரிய குரல். பத்தொன்பது வருஷம் நண்டுச் சதை பிரிக்கும் கொட்டகையில் மேற்பார்வை பார்த்தவள். வெளிநாட்டு டப்பா நண்டு வந்ததும் கொட்டகையை மூடிவிட்டார்கள். கணவன் அதற்கு முன்பே படகிலேயே மாரடைப்பில் போய்விட்டான். ஒரே மகள் கொரின், கப்பல் கட்டும் வேலையில் இருந்த டேல் என்பவனைக் கட்டிக்கொண்டு நார்ஃபோக் நகரில் இருந்தாள். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி இறுதி விழாவுக்கு நோலா தவறாமல் போவாள். மேடையில் பதினோரு பிள்ளைகள் நிற்கும். செப்டம்பரில் கணக்கெடுத்தால் ஊரில் இரண்டு மிஞ்சியிருக்கும்.

"இப்படியே போனா கடைசியில விளக்கை அணைக்கக்கூட ஆள் இருக்காது, ஜீன்" என்பாள் என்னிடம்.

ஆறு வருஷம் நாயாய் உழைத்தாள். காலுறை ஆலைக்காரர்கள் வந்து பார்த்தார்கள், படகு செய்பவர்கள் வந்து பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் தென்மேற்குக் காற்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் அடித்தால், மழையே இல்லாமல் காயல் நீர் எழுந்து வந்து சாலையில் நிற்கும். அதனால் காற்றைக் கேட்காமல் அவள் யாருக்கும் தேதி கொடுப்பதில்லை. வருகிறவர்களுக்கு முந்தின நாள் கொசு மருந்து வண்டியை இரண்டு தடவை ஓடவிடுவாள். பெத்தேல் தேவாலயத்துப் பெண்களைப் பிடித்து மீனும் சோளமாவு உருண்டையும் பொரிக்க வைப்பாள். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, கை குலுக்கிவிட்டுப் போவார்கள். அதன்பிறகு கடிதம்கூட வராது. சிறைச்சாலைக்கு இடம் தேடியவர்களே எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கைதிங்க மேல இரக்கப்பட்டிருப்பாங்க" என்றார் ஹோபர்ட் டூலி. மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் அவர்தான்.

ஏழாவது வருஷம் அக்டோபரில் ஒரு சாம்பல் நிறக் காரில் மூன்று பேர் வந்தார்கள். நோலா பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். தலைமையாசிரியை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். அவர்கள் காரை விட்டு இறங்கவில்லை. ரோடு எப்படி, ஆட்கள் கிடைப்பார்களா, கரண்ட் நிற்குமா என்று ஒரு கேள்வியும் இல்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்டார்கள். எத்தனை அடியில் வரும், எவ்வளவு வரும், வேறு யார் எடுக்கிறார்கள். தேவாலயத்தில் மேஜை போட்டிருந்தது. "சாப்பிட்டாச்சு" என்றார்கள். மணி பதினொன்றரைதான். காரின் பின்பெட்டியில் அவர்கள் சொந்தமாகக் கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

நோலா திரும்பி வந்தபோது முகம் ஜொலித்தது.

"இவங்க வேற மாதிரி, ஜீன். வேடிக்கை பார்க்க வந்தவங்க இல்லை."

"நம்ம டீயைக்கூடத் தொடலையாமே?"

"சர்க்கரை வியாதியா இருக்கும்."

"மூணு பேருக்குமா?"

அவள் டெலிபோனை எடுத்து எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் பத்திரங்கள் வர ஆரம்பித்தன. வாங்குகிறவர் பெயர் மூன்றே எழுத்தில் இருக்கும், ஒவ்வொரு தடவையும் வேறு மூன்று எழுத்து. கொண்டுவரும் வக்கீல் மட்டும் ஒருவர்தான். காப்பி கொடுத்தால் வேண்டாம் என்பார், உட்காரச் சொன்னாலும் நிற்பார். முதலில் பெத்தேல் ரோட்டுச் சோளக் காடு, அப்புறம் அதை ஒட்டிய பைன் காடு, அப்புறம் மாட்டி கிப்ஸ் என்ற கிழவி செத்துப் பதினெட்டே நாளில் அவள் வீடு. என்னிடம் இருந்த வரைபடத்தில் பென்சிலால் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தேன். மார்ச் மாதம் பார்த்தால், தேவாலயத்தையும் அதன் கல்லறையையும் மட்டும் விட்டுவிட்டு நாலு பக்கமும் வளைத்து வாங்கியிருந்தார்கள்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு நோலாவின் மேஜைக்குப் போனேன்.

"இது என்ன?"

அவள் அதைப் பார்த்தாள். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். கேக்காத."

"என்கிட்டகூடவா?"

"உன்கிட்டயும்தான்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் நடுக்கதவு சாத்தப்பட்டது. சாத்தியவள் அவள்.

விஷயம் ஏப்ரலில் வெளியே வந்தது. கோழி ஆலை. ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல் கோழி அறுத்து, கழுவி, பெட்டியில் அடைப்பார்கள். இருநூற்று நாற்பது பேருக்கு வேலை. கழுவ வேண்டிய தண்ணீர் முழுக்க நிலத்தடியிலிருந்துதான். அனுமதிக்கு முன்னால் தண்ணீர்ச் சோதனை செய்ய வேண்டும் என்று மாநில அலுவலகம் சொன்னது. மூன்று நாள் நிற்காமல் இறைத்து, பக்கத்துக் கிணற்றில் என்ன ஆகிறது என்று பார்ப்பது. ஹோபர்ட்டுக்கு அந்த வேலை வந்தது. பக்கத்துக் கிணறு என்றால் தேவாலயக் கிணறு. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஹோபர்ட் சேற்றுக் காலணியோடு அலுவலகத்துக்குள் வந்தார். கையில் ஊறுகாய் போடும் கண்ணாடிச் சாடி, அதில் தேவாலயக் கிணற்றுத் தண்ணீர். நோலா மேஜையில் வைத்தார்.

"குடிச்சுப் பாரு பொண்ணே."

அவள் ஒரு வாய் குடித்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"லேசாக் கரிக்குது" என்றாள்.

"லேசாத்தான் இருக்கும். மூணு நாள்தானே ஆச்சு" என்றார் ஹோபர்ட். "அவங்க முப்பது வருஷம் இறைப்பாங்க. கீழ நல்ல தண்ணி மெத்தை மாதிரி கிடக்கு, அதுக்கும் அடியில கடல். மெத்தையை உருவினா அடியில என்ன வரும்?"

மறுநாள் ராய்ஸ் சாட்லர் வந்தார். நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கம்பெனி எஞ்சினியர் ரெண்டு நாள் அளவே போதும்ங்கறார், மிஸ் நோலா. மூணாவது நாளு வறட்சியால வந்த கோளாறாம். மாவட்டத்து சார்பா உங்க கையெழுத்துதான் வேணும்."

"ஹோபர்ட் அப்படிச் சொல்லலையே."

"ஹோபர்ட் கிணறு வெட்டறவர். அவங்க படிச்சவங்க."

அதே வாரம் கல்விக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பிள்ளைகள் போதாததால் உயர்நிலைப் பள்ளியை மூடப் போகிறார்கள். மிச்சம் உள்ளவர்கள் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் போய்வர வேண்டும். அந்தக் கடிதம் மேஜையில் சாடிக்குப் பக்கத்தில் கிடந்ததை நான் பார்த்தேன்.

நோலா ஒரு நிபந்தனை போட்டாள். தேவாலயக் கிணற்றில் மாதம் ஒருமுறை உப்பு அளக்க வேண்டும். அளப்பது கம்பெனி ஆள் இல்லை, மாவட்டத்து ஆள். நாக்குக்குத் தெரியும் எல்லை லிட்டருக்கு இருநூற்றைம்பது மில்லிகிராம்; எண் அதைத் தாண்டினால் இறைப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். ராய்ஸ் கம்பெனிக்குப் போன் பண்ணினார். அரை மணியில் சம்மதம் வந்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை பேரம் பேசலை, ஜீன். நான் ரெண்டு வாரம் சண்டை போடணும்னு தயாரா இருந்தேன்."

"நல்லதுதானே?"

"கேட்டதும் கொடுக்கிறவன், கொடுக்கிறதை ஒரு பொருட்டாவே நினைக்கலைன்னு அர்த்தம்."

ஆலை தொண்ணூற்றேழில் திறந்தது. ஊர் கொண்டாடியது. முழுப் பன்றியைச் சுட்டார்கள், ராய்ஸ் பேசினார், நோலாவுக்கு ஒரு மரப் பலகையில் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் தப்பியது. மளிகைக் கடை திரும்பத் திறந்தது. கொரினும் டேலும் இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்து, நோலா வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் குடியேறினார்கள். டேலுக்கு ஆலையில் இரண்டாம் ஷிப்ட் மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நோலாவைப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

கோழி லாரிகள் விடிவதற்கு முன்னாலிருந்து ஓடும். பெத்தேல் ரோட்டின் இரண்டு பக்க வாய்க்காலிலும் வெள்ளை இறகு படிந்து கிடக்கும். பாசி பிடிக்கிற மாதிரி அதுவும் பழகிப்போனது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை நோலா உப்பு மீட்டரோடு தேவாலயக் கிணற்றுக்குப் போவாள். வேறு யாருக்கும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. முதல் வருஷம் நாற்பது. மறு வருஷம் அறுபது. தொண்ணூறு. இரண்டாயிரத்தில் நூற்று நாற்பது. ஒவ்வொரு தடவையும் மாவட்டக் குழுவுக்கு எழுதி அனுப்புவாள். அங்கிருந்து "கிடைத்தது, நன்றி" என்று பதில் வரும். இருநூற்றுப் பத்து வந்த மாதம் அவள் கிணற்றடியிலிருந்து நேராக என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். போன் அடித்தபோதும் எழுந்து போகவில்லை.

இரண்டாயிரத்தொன்று ஆகஸ்டில் இருநூற்று அறுபத்தெட்டு.

ராய்ஸ் வந்தார். நடுக்கதவு அப்போது திறந்துதான் இருந்தது.

"செப்டம்பர்ல புயல் மழை வரும். அதுக்கப்புறம் அளந்தா குறைஞ்சிருக்கும் மிஸ் நோலா. ஒரு மாசம் தள்ளிப்போடுங்க."

"முதல் திங்கட்கிழமைன்னு எழுதியிருக்கு."

"நீங்க எழுதினது. நீங்களே மாத்தலாம்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இறைப்பைக் குறைச்சா ரெண்டாம் ஷிப்ட் போயிடும். ரெண்டாம் ஷிப்ட்ல யார் இருக்கான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அன்று சாயங்காலம் நோலா மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிற்பாடு என்னிடம் சொன்னாள். கொரின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாளாம். எண்ணைக் கேட்டுவிட்டு, குழாயை நிறுத்தாமலே பேசினாளாம்.

"அம்மா, நீதான் எங்களைத் திரும்பி வரச் சொன்ன. வேலை இருக்கு, வீடு இருக்கு, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குன்னு போன்ல அழுத. இப்ப நீயே போகச் சொல்றியா?"

"நான் போகச் சொல்லலை. தண்ணி சொல்லுது."

"தண்ணி எழுதாது. நீதான் எழுதுவ."

நோலா எழுதினாள். இருநூற்று அறுபத்தெட்டு என்று எழுதி, ஒரு பிரதியை மாவட்டக் குழுவுக்கும் ஒரு பிரதியை மாநில நீர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அந்தத் தபாலுக்கு முத்திரை வைத்தது நான்.

மூன்று மாதம் எதுவும் நடக்கவில்லை. அந்த மூன்று மாதம்தான் பொல்லாதது. அவள் உள்ளே வந்தால் கடையில் பேச்சு நின்றுவிடும். தேவாலயத்தில் அவள் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒருநாள் காலை அவள் வீட்டு வாசலில் யாரோ ஒரு மூட்டை ஈர இறகைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டி அள்ள நான் போனேன். கண்ணாடி போடாததால் அவளுக்கு முதலில் அது பனி என்றே பட்டதாம்.

டிசம்பரில் உத்தரவு வந்தது. இறைப்பு பாதியானது, இரண்டாம் ஷிப்ட் நின்றது. டேலோடு சேர்ந்து நூற்றுப் பத்துப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கொரின் குடும்பம் நார்ஃபோக்குக்குத் திரும்பிப் போனது. புது வருஷத்தில் நோலாவின் பதவியையே எடுத்துவிட்டார்கள். மரப் பலகையைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். மீட்டரை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

உப்பு உத்தரவுக்கு அடங்குகிற வகை இல்லை. அது அடியில் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த வசந்தத்தில் ராய்ஸின் அம்மா வயலில் சோளம் ஓரத்திலிருந்து கருகியது, நெருப்புக் காட்டின மாதிரி நேர் வரிசையாக. அதற்கப்புறம் ஜனங்கள் நோலா வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முன்வாசல் வழியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், பின்வாசல் வழியாக, கோட்டுக்குள் மறைத்த சாடியோடு வருவார்கள்.

"சும்மா எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க மிஸ் நோலா. எழுத வேண்டாம்."

உப்பேறிய கிணறு என்று தாளில் ஏறிவிட்டால் வீட்டை விற்க முடியாது. எல்லோருக்கும் அந்தப் பயம். நோலா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"எழுதாம அளக்கமாட்டேன். பேர், தேதி, எண். எழுதலாம்னா கொடுங்க."

முப்பத்தொரு பேர் வந்தார்கள். பத்தொன்பது பேர் எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் சாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ராய்ஸ் அதில் ஒருவர். ஹோபர்ட் முதல் ஆளாக எழுதச் சொன்னார். "என் வீட்டை எவன் வாங்கப் போறான், பொண்ணே. என்னையும் சேர்த்து இலவசமாக் கொடுத்தாலும் வேண்டாம்பான்."

நானும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திதான். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு ரேலே நகரில் தங்கையோடு போய் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். சாடியை மேஜையில் வைத்தேன். அவள் பேனாவை எடுத்தாள். நான் சாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பதினான்கு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போ ஜீன், ஈ வருது" என்றாள்.

இரண்டாயிரத்தைந்தில் மேட்டு மாவட்டத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொடுக்க மாநிலமும் கம்பெனியும் ஒத்துக்கொண்டன. யாருக்கு என்று கேள்வி வந்தது. உப்பேறியது என்று எழுத்தில் ஆதாரம் உள்ள வீடுகளுக்கு. மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அந்த ஆதாரம் ஒரே ஒரு நோட்டில்தான் இருந்தது. அந்தப் பத்தொன்பது வீடுகளுக்கும், அதே நோட்டில் இருந்த நோலா வீட்டுக்கும் குழாய் போட்டார்கள்.

ராய்ஸ் அப்போது பதவியில் இல்லை, அம்மாவும் போய்விட்டாள். நோலா வீட்டு முன்வாசலில், பகலில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"ரெண்டாயிரத்திரண்டு தேதி போட்டு ஒரு வரி எழுதினா போதும், மிஸ் நோலா. நான் வந்தது உண்மைதானே?"

"வந்தது உண்மை. அளக்கலையே."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்களுக்கு ஒரு வரி பொய் எழுதினா, அந்தப் பத்தொன்பது வரியும் பொய்னு கம்பெனி வக்கீல் சொல்லுவான். அதுக்குத்தான் காத்துட்டிருக்கான்." அவள் குரல் கடுமையாக இல்லை. "ஏற்கெனவே ஒரு தடவை நீங்க சொல்லி ரெண்டு நாளை மட்டும் எழுதினேன், ராய்ஸ். மூணாவது நாளை விட்டுட்டேன். அந்தச் சாடித் தண்ணி இன்னும் என் தொண்டையிலேயே நிக்குது."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிப் போனார்.

அவர் போன பிறகு, நானும் அதையேதான் கேட்க வந்தேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆலை இன்னும் ஓடுகிறது, ஒரே ஷிப்டில். அதுவும் போய்விடும் என்று வருஷா வருஷம் பேச்சு வருகிறது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஹோபர்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். நோலாவுக்கு எழுபத்தொன்று. முழங்கால் ஒத்துழைக்காவிட்டாலும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை மீட்டரோடு கிளம்பிவிடுகிறாள். உப்பு வடக்கே போகிறது. ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு வீடு.

என் வீட்டை யாரும் வாங்கவில்லை. குழாய் என் வேலியை ஒட்டித்தான் போகிறது; எனக்கு இணைப்பு கிடையாது. சனிக்கிழமைதோறும் நோலா தன் குழாய்த் தண்ணீரை இரண்டு கேனில் கொண்டுவந்து வைக்கிறாள். நான் ஒருதரமும் கேட்டதில்லை, அவளும் காரணம் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை அவள் வந்தபோது நான் சாடியில் என் கிணற்றுத் தண்ணீரை எடுத்து மேஜையில் வைத்திருந்தேன்.

"எழுதிக்கோ" என்றேன்.

"தேதி இன்னைக்குத் தேதிதான் போடுவேன். அதனால உனக்கு ஒண்ணும் கிடைக்காது."

"தெரியும். போடு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டரை இறக்கினாள். அறுநூற்றுப் பத்து. பெயரை முழுசாக எழுதினாள். நான் அடுத்தது யார் வீடு என்று கேட்டேன்.

"கல்லறைக்கு அந்தப் பக்கம், புதுசா வந்திருக்காங்களே, ஸ்பென்சர் வீடு" என்றாள் நோட்டை மூடிக்கொண்டே. "கைக்குழந்தை வேற இருக்கு. பால்மாவு கலக்கறதெல்லாம் அந்தத் தண்ணியிலதான். அவங்களா சாடியைத் தூக்கிட்டு வர்றவரைக்கும் காத்திருக்க முடியாது. திங்கட்கிழமை நானே போறேன்."